வீராணம் கரைக்குப் போன ரீல்

அன்பரசு ஒரு பயந்தாங்கொள்ளி. இதைச் சொன்னால் அவனே கோபித்துக்கொள்ள மாட்டான். குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் காலனி ஒன்றில் பிறந்த நாள் முதல் நாய்க்குப் பயம், இடிக்குப் பயம், கணக்கு வாத்தியாருக்குப் பயம். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்புக்குச் சேர்த்துவிட்டார்கள். அங்கே போனதும் கரண்டுக்குப் பயம். கரண்டைக் கண்டு நடுங்குகிறவனை வைத்துக்கொண்டு வாத்தியார்தான் என்ன செய்வார்? பாதியில் விட்டுவிட்டு, கடலூர் முதுநகரில் ராஜாமணியின் மீன்பிடி சாமான் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். வலை, கயிறு, ஈயக்குண்டு, தூண்டில் முள். எதுவும் ஷாக் அடிக்காது. அவன்பாட்டுக்கு நிம்மதியாக இருந்திருப்பான், ஸ்ரீமதி அந்தக் கடைப் படி ஏறாமல் இருந்திருந்தால்.

அவளை அழைத்துக்கொண்டு வந்ததே அவளுடைய அப்பா ராஜமாணிக்கம்தான். காட்டுமன்னார்கோயில் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். வெளிநாட்டுக் கப்பலில் ஃபிட்டராகப் பல வருஷம் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். கப்பலில் பழகிய யாரோ ஒரு வெள்ளைக்காரன் கொடுத்த மெல்லிய தூண்டில் ராடு ஒன்று அவரிடம் இருந்தது. நம்மூர்த் தூண்டில் மாதிரி அதில் புழு கோர்ப்பதில்லை, ஈயம் கட்டுவதில்லை. சேவல் இறகைச் சுற்றிக் கட்டிய பொய்ப் பூச்சிதான் இரை, ஃப்ளை என்பார்கள். பூச்சிக்கு ஏது கனம்? அதனால் வீச்சுக்குக் கனம் சேர, ராடின் அடியில் ரீலில் சுற்றியிருக்கும் கயிறு தடிப்பாக இருக்கும். அந்தக் கயிற்றைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசி வீசி, நிஜப் பூச்சி வந்து உட்காருவதுபோல் தண்ணீர் மேல் இறக்க வேண்டும். ராஜமாணிக்கம் ஏரிக்குள் மாடு ஓட்டுகிறார் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். கூடவே மகளும் நின்று வீசுவாள்.

முள் வாங்கவும் நைலான் நரம்பு வாங்கவும் அப்பாவும் மகளும் கடலூருக்கு வருவார்கள். ஒருநாள் புது ராடு ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று ஸ்ரீமதி இடது கையால் சுழற்றிய வேகத்தில் கடையின் டியூப் லைட் சிதறிப் போயிற்று. அவள் எல்லாவற்றுக்கும் இடது கைதான். சாப்பிட மட்டும் அடித்துத் திருத்தி வலது கைக்கு மாற்றியிருந்தார்கள். சத்தம் கேட்டு உள்ளே இருந்து முதலாளி ராஜாமணி ஓடிவந்தார். "நான்தாண்ணே ஒடச்சிட்டேன்" என்றான் அன்பரசு. ஏன் சொன்னான் என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. முதலாளிக்கு அவ்வளவு பயப்படுகிறவன் வாயிலிருந்து அது எப்படி வந்தது? ஸ்ரீமதி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகு அடிக்கடி முள் தீர்ந்து போயிற்று.

அவள் ஊர்த்தெருப் பெண், அவன் காலனிப் பையன். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு வாய்க்கால்தான். ஆனால் அதைத் தாண்டிப் பெண் எடுத்தவன் பிணமாய்த்தான் கிடப்பான் என்று வெளிப்படையாகப் பேசிக்கொள்ளும் ஆட்கள் அங்கே உண்டு. அன்பரசு வேண்டாம் என்றான், அழுதான், காய்ச்சலில் படுத்தான். ஒருநாள் காலையில் அவள் பையோடு கடை வாசலில் வந்து நின்றாள். "ஒனக்கு பயமா இருந்தா சொல்லு, நான் மட்டும் போயி ரெஜிஸ்டர் ஆபீஸ்ல உக்காந்துக்கறேன்" என்றாள். அவன் பின்னாலேயே போனான்.

பிறகு நடந்ததெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த வழிதான். ராஜமாணிக்கத்தின் அண்ணன் மகன் காத்தவராயன் ஆட்களைத் திரட்டிக்கொண்டு முதுநகர் முழுக்கத் தேடினான். இவர்கள் பாண்டிச்சேரியில் ராபர்ட் என்கிற சிநேகிதன் வீட்டில் பல மாதம் கதவைத் திறக்காமல் கிடந்தார்கள். அன்பரசு மீசையை எடுத்துவிட்டான். பயந்து சாகிறவனுக்கு மீசை எதற்கு? கடைசியில், அவள் எங்களுக்குப் பொண்ணே இல்லை என்று சொல்லி அப்பா வீட்டில் தலை முழுகிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அதன் பிறகுதான் இருவரும் முதுநகருக்கே திரும்பி, வேறு தெருவில் குடிவந்தார்கள். அன்பரசு பழைய கடையிலேயே சேர்ந்துகொண்டான். ஆனால் மோட்டார் சைக்கிள் ஏதாவது கடை முன்னால் வேகம் குறைந்தால் போதும், வலைக்கட்டுக்குப் பின்னால் போய்விடுவான்.

ஸ்ரீமதிக்கு ஐந்து மாதம் ஆன சமயம் கடைக்கு ஒரு போன் வந்தது. தானே புயலுக்கு முந்தைய வருஷத்து ஆவணி மாதம்.

"ராஜமாணிக்கம் பேசறேன்."

அன்பரசு போனைப் பிடித்தபடியே வலைக்கட்டுக்குப் பின்னால் குந்தினான்.

"என் ராடுக்கு ரீல் போயிடுச்சி. லைட் ராடு, ஒனக்குத் தெரியும். அதுக்குச் சேர்றாப்ல ரீல் இருந்தா எடுத்துக்கினு வா. ராடுல மாட்டிப் பாத்துத்தான் எடுப்பேன். புதன்கெழம சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல இரு. நீயே வா, வேற ஆள அனுப்பாத." போன் வைக்கப்பட்டது.

அன்பரசு முதலாளியிடம் சொன்னான். ராஜாமணி நல்ல மனிதர். ஆனால் வியாபாரம் என்று வந்துவிட்டால் அவருக்கு உலகத்தில் வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. "ஃப்ளை ரீலு கேக்கற ஆளு இந்த ஜில்லாவுல அவரு ஒருத்தருதாண்டா. மூணு ரீல் தூசி படிஞ்சி கெடக்குது. போயிட்டு வா" என்றார்.

"அண்ணே, வெட்டிப் போட்டுட்டா?"

"பஸ் ஸ்டாண்டுல எவண்டா வெட்டுவான்?"

அது என்னவோ நியாயமாகத்தான் பட்டது. பயம் மட்டும் போகவில்லை. இப்போது ரீல் வாங்க வேண்டிய அவசரம் என்ன? கடலூர்வரை வந்து வாங்கிப் போன மனுஷனுக்குச் சிதம்பரத்துக்கு வரச் சொல்ல என்ன காரணம்? நீயே வா என்றால் என்ன அர்த்தம்?

வீட்டில் சொன்னபோது ஸ்ரீமதி வேறு மாதிரி அர்த்தம் எடுத்துக்கொண்டாள். அழுதாள், சிரித்தாள், சுரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் இடது கைக் கத்தியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அவள் அம்மா புஷ்பவள்ளி யாருக்கும் தெரியாமல் எப்போதாவது போனில் பேசுவாள். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக அம்மாவுக்கு ஆசை. அப்பா வாய் திறக்க வேண்டும். இப்போது திறந்துவிட்டார் என்று இவள் முடிவு கட்டிவிட்டாள்.

"ரீலு சும்மா சாக்கு. ஒன்ன பாக்கத்தான் கூப்புடறாரு. வளைகாப்புக்கு அழைக்கப் போறாரு பாரு."

"இல்ல ஸ்ரீமதி, எனக்கு என்னமோ..."

"நீ ஒன்னு மட்டும் செய். சார்னு கூப்புடாத. மாமான்னு கூப்புடு. ஒரே ஒரு தடவ மாமான்னு ஒன் வாயால கேட்டா அப்பா எளகிடுவாரு. எனக்குத் தெரியும்."

அந்தப் பக்கத்தில் மாமா என்பது லேசான வார்த்தை இல்லை. மாமனாரைக் கூப்பிடுவதும் அப்படித்தான், ஊர்த்தெருவில் முறை உள்ளவர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடுவதும் அப்படித்தான். காலனியிலிருந்து போகிறவன் ஐயா என்பான், படித்தவனாக இருந்தால் சார் என்பான். மாமா என்று சொன்னால் உன் வீட்டில் எனக்கு உரிமை இருக்கிறது என்று சொல்வதாகும். அன்பரசுக்கு அது நன்றாகத் தெரியும். ஸ்ரீமதிக்கும் தெரியும், அதனால்தான் சொல்லச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை முழுக்க அவனை உட்கார வைத்துப் பழக்கினாள். கிளிக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல அவள் "மாமா" என்க, அவன் "மாமா" என்றான். தூக்கத்திலும் அதையே உளறினானாம்.

புதன்கிழமை, மூன்று ரீல்களையும் துணியில் சுற்றி ஒரு பையில் போட்டுக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினான். வழியெல்லாம் பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தான். வெற்றிலை போட்டவன், பள்ளிக்கூடப் பிள்ளைகள், மடியில் கோழிக்கூடை வைத்த ஒரு அம்மாள். கோழிகூட அவனை ஒரு மாதிரி பார்ப்பதாகத் தோன்றியது.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில், கூட்டம் அதிகமாக இருந்த டீக்கடை ஓரம் பார்த்து நின்றுகொண்டான். சுற்றிலும் ஜனம். பரவாயில்லை என்று மூச்சு விடும்போது செல்போன் அடித்தது.

"வந்துட்டியா? காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ் நிக்கும். ஏறி வந்து வீராணம் கரையில மதகு கிட்ட எறங்கு. தண்ணியில வீசிப் பாக்காம ரீலு எப்டி எடுக்கறது?"

"சார்... பஸ் ஸ்டாண்டுன்னு..."

"அங்க தண்ணி இருக்குதா?" வைத்துவிட்டார்.

டவுன் பஸ் எதிரிலேயே நின்றது. கடலூர் பஸ் அதற்குப் பக்கத்தில் நின்றது. இரண்டுக்கும் நடுவில் அன்பரசு நின்றான். கால் கடலூர் பஸ் பக்கம்தான் போயிற்று, உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா? படியில் ஒரு காலை வைத்தும் விட்டான். வீட்டில் காத்துக்கொண்டிருப்பவளிடம் போய் என்ன சொல்வது? பயந்து திரும்பிவிட்டேன், உன் வளைகாப்பு போயிற்று என்றா? காலை எடுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினான். ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, மாமா, மாமா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனான்.

மதகு பக்கத்தில் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. ஏரி நிறையத் தண்ணீர். கரையில் ஒரு ஈ காக்கை இல்லை. கரைச் சரிவில் டி.வி.எஸ். வண்டியை நிறுத்திவிட்டு ராஜமாணிக்கம் நின்றிருந்தார். கையில் அந்த ராடு. வண்டியில் மாட்டிய மஞ்சள் பைக்குள்ளிருந்து ஒரு பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது அரிவாள் பிடி. கத்தரிக்காய் நறுக்க யாரும் ஏரிக்கரைக்கு அரிவாள் கொண்டு வருவதில்லை.

"வந்துட்டியா."

"வந்துட்டேன்..." மாமா தொண்டைவரை வந்து அங்கேயே நின்றுகொண்டது. "...சார்."

"தனியாத்தான வந்த?"

"தனியாத்தான் சார்." சொன்ன பிறகுதான் புத்தி வந்தது. நாலு பேர் பின்னால் வருகிறார்கள் என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

ஏதாவது வேலை செய்துகொண்டிருந்தால் பயம் வெளியே தெரியாது என்று, "பழைய ரீல குடுங்க சார். அடிக்கட்ட அளவு பாக்கணும், ராடுல ஒக்காரணும்ல" என்றான். அவர் துண்டில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்துக் கொடுத்தார். அன்பரசு எத்தனையோ உடைந்த ரீல்களைப் பார்த்தவன். கீழே விழுந்தால் விளிம்பு நெளியும், உப்புத்தண்ணீர் பட்டால் பல் அரிக்கும். இது சப்பளிந்து அப்பளமாகக் கிடந்தது.

"வண்டி ஏறிடுச்சா சார்?"

"குழவிக்கல்லால அடிச்சேன்" என்றார் ராஜமாணிக்கம். "அவ போன அன்னிக்கி."

அன்பரசு துணியை விரித்து முதல் ரீலை எடுத்து மாட்டினான். கடல் மீனுக்கான பெரிய ரீல், பார்க்கப் பளபளவென்று இருக்கும். ராஜமாணிக்கம் ராடின் கைப்பிடியை ஒரு விரல்மேல் வைத்துப் பார்த்தார். ரீல் சேர்ந்த ராடு விரல்மேல் படுத்தவாக்கில் நிற்க வேண்டும். அப்போதுதான் நாள் முழுக்க வீசினாலும் மணிக்கட்டு வலிக்காது. இது பொத்தென்று பின்பக்கம் சாய்ந்தது. "சொறா புடிக்கறவனுக்குக் குடு" என்றார். இரண்டாவது பிளாஸ்டிக் ரீல். விரல்மேல் நின்றது, ஆனால் கைப்பிடியைச் சுற்றினால் லொடலொடவென்று ஆடியது. "கொழந்த வெளாட்டு சாமான்" என்று திருப்பிக் கொடுத்தார்.

மூன்றாவது, பாண்டிச்சேரியில் இருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. சாம்பல் நிறம், அங்கங்கே கீறல். மாட்டி விரல்மேல் வைத்ததும் ராடு அசையாமல் நின்றது. ராஜமாணிக்கம் கயிற்றை இழுத்துப் பார்த்தார். கிர்ர்ர் என்று ஒரு சத்தம் வந்தது. அவர் இன்னொரு தடவை இழுத்தார். பிறகு இன்னொரு தடவை, சும்மாவே.

"சத்தம் அதே மாதிரி இருக்குது" என்றார். அன்பரசிடம் சொன்னதாகத் தெரியவில்லை. சட்டென்று வண்டிப் பக்கம் போய், மஞ்சள் பையிலிருந்து அரிவாளை உருவிக்கொண்டு வந்தார்.

அன்பரசு காலிப் பையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான். ஸ்ரீமதி, வயிற்றில் இருக்கும் குழந்தை, டீக்கடை, கடலூர் பஸ் எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்தன.

"தலைய குனி" என்றார் அவர்.

குனிந்தான். கண்ணை மூடிக்கொண்டு குனிந்தான். தலைக்கு மேலே சரக் என்று சத்தம். முதுகில் என்னவோ விழுந்து குத்தியது. கண்ணைத் திறந்து பார்த்தால், முள்ளோடு ஒரு கருவேலங்கிளை.

"பின்னாடி கெள இருந்தா கயிறு மாட்டிக்கும்ல" என்றார் ராஜமாணிக்கம். "ஏன் இப்டி வேர்த்திருக்குது ஒனக்கு?"

அப்போதுதான் கரைமேல் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ராஜமாணிக்கம் நிமிர்ந்து பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போனதை அன்பரசு பார்த்தான். பயத்தில் ஊறியவனுக்கு இன்னொருவன் பயம் உடனே தெரிந்துவிடும்.

"காத்தவராயன்" என்றார் உதட்டை அசைக்காமல். "நீ பாண்டிச்சேரிக் கடைக்காரன். பேரு வேற சொல்லு. ரீலப் பத்தி மட்டும் பேசு."

முதுநகர் முழுக்க இவனைத் தேடி அலைந்தவன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். முகம் தெரியாது, மீசை வைத்த ஒரு பழைய போட்டோவைத்தான் பார்த்திருக்கிறான். "என்னா சித்தப்பா, இந்நேரத்துல? யாரு இவன்?"

"ரீலு கொண்டாந்துருக்கான். பாண்டிச்சேரி."

"பேரு என்னாடா?"

"ராபர்ட் சார்" என்றான் அன்பரசு. சிநேகிதன் பெயர் தவிர வேறெதுவும் அந்த நேரத்துக்கு வரவில்லை.

காத்தவராயன் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, துணியில் கிடந்த பெரிய ரீலை எடுத்துப் புரட்டினான். போகிற மாதிரி தெரியவில்லை. "இதுதான் பெருசா இருக்குது. இத விட்டுட்டு அந்தக் கீறல் விழுந்தத எதுக்கு சித்தப்பா மாட்டிருக்கீங்க?"

பதில் சொல்ல வேண்டியது கடைக்காரன். அன்பரசு சொன்னான். லைட் ராடுக்குக் கனம் ஆகாது என்றான், கயிற்றின் தடிப்பு பற்றிச் சொன்னான், பல் சக்கரம் பற்றிச் சொன்னான். முதலாளி ராஜாமணி பார்த்திருந்தால் சம்பளத்தை ஏற்றியிருப்பார். அவன் வியாபாரம் பேசிக்கொண்டிருக்கிறானா, உயிரைப் பிடித்துக்கொண்டு பேசுகிறானா என்பது அவனுக்கும் ராஜமாணிக்கத்துக்கும் மட்டும் தெரியும். வாயை நிறுத்தினால் பெயரைத் தாண்டி வேறு கேள்வி வரும். ராஜமாணிக்கம் கயிற்றை வீச ஆரம்பித்தார். முன்னே, பின்னே, முன்னே. இறகுப் பூச்சி தாமரை இலை ஓரமாகப் போய் உட்கார்ந்தது.

சொல்லி வைத்த மாதிரி தண்ணீர் சுழித்தது. ராடு வில்லாக வளைந்தது. ரீல் கிர்ர்ர்ர் என்று கத்திக்கொண்டு சுற்றியது, கயிறு பிய்த்துக்கொண்டு ஏரிக்குள் ஓடியது. நல்ல மீன். பதற்றத்தில் ராஜமாணிக்கம் சுற்றும் கைப்பிடியை அழுத்திப் பிடித்தார். அப்படிப் பிடித்தால் நரம்பு அறுந்துவிடும். அந்த ஒரு நொடி அன்பரசு எங்கே நிற்கிறோம், பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறான் என்பதையெல்லாம் மறந்துபோனான். பிறந்ததிலிருந்து அவன் பயத்தை மறந்த நொடி அது ஒன்றாகத்தான் இருக்கும்.

"மாமா, கைய எடுங்க! ஓட விடுங்க மாமா!"

சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது.

காத்தவராயன் எழுந்து நின்றான். "என்னாது?" என்றான் மெதுவாக. "என்னான்னு கூப்ட்ட?" அவன் கை இடுப்புப் பக்கம் போயிற்று.

பளார் என்று அறை விழுந்தது. காத்தவராயன் அடிக்கவில்லை. ராடை அப்படியே தரையில் போட்டுவிட்டு, ராஜமாணிக்கம்தான் அடித்தார். அன்பரசு கருவேலங்கிளை மேல் போய் விழுந்தான். இடது காதில் ஙொய்ங் என்று சத்தம்.

"யாருக்கு யாருடா மாமா? ரீலு விக்க வந்தா வித்துட்டுப் போவணும். மொறை கொண்டாடறியா? பாண்டிச்சேரியில எவனாச்சும் ஒன்ன இப்டி கூப்புட்டா நீ வுட்ருவியா? பல்ல பேத்துடுவேன். சார்னு சொல்லு!"

"சார்" என்றான் அன்பரசு.

"சத்தமா சொல்லு!"

"சார்!"

காத்தவராயன் ஒருமுறை சித்தப்பாவைப் பார்த்தான், ஒருமுறை கீழே கிடந்தவனைப் பார்த்தான். பிறகு சிரித்தான். "இன்னொன்னு வைங்க சித்தப்பா. இவனுங்களுக்கு எடங் குடுத்துத்தான நம்ம வூட்ல..." என்று ஆரம்பித்து, சித்தப்பா முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினான். "சரி, சீக்கிரம் வூட்டுக்குப் போங்க" என்று வண்டியை எடுத்தான். சத்தம் தேய்ந்து அடங்கும்வரை இரண்டு பேரும் அசையவில்லை. மீன் எப்போதோ அறுத்துக்கொண்டு போயிருந்தது.

ராஜமாணிக்கம் மதகுக் கல்லில் உட்கார்ந்தார். அடித்த கையை மடக்கித் துண்டுக்குள் வைத்துக்கொண்டார்.

"இடுப்புல கத்தி வச்சிருந்தான். பாத்தியா?"

"இல்ல சார்."

"நான் பாத்தேன்." தரையில் கிடந்த ராடை எடுத்து அவனிடம் நீட்டினார். "கயித்த சுத்து. இந்த ரீலே இருக்கட்டும். கைப்புடிய மட்டும் அந்தப் பக்கம் மாத்திக் குடு."

அன்பரசுக்குக் காது இன்னும் இரைந்துகொண்டிருந்தது. பழக்க தோஷத்தில் கடைக்காரனாகவே பதில் சொன்னான். "சரியாத்தான் சார் இருக்குது. சோத்துக் கையால வீசறவங்களுக்குச் சுத்தறது பீச்சாங்கைப் பக்கந்தான் இருக்கணும். மாத்துனா ஒங்களுக்கு வசதிப்படாது."

"எனக்கா வாங்கறேன்?" என்றார் ராஜமாணிக்கம்.

அன்பரசு அவரைப் பார்த்தான். அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டார். இடது கையால் வீசுகிற ஒருத்திதான் உண்டு இந்த உலகத்தில் இவர்கள் இருவருக்கும். அன்பரசு ரீலைக் கழற்றினான், மூடியைத் திறந்து உள்ளே இருந்த பல்லைத் திருப்பிப் போட்டான், கயிற்றை முழுக்க அவிழ்த்து எதிர்ப்பக்கமாகச் சுற்றினான். கரைமேல் ஏதாவது சத்தம் கேட்டால் இருவரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒரு தடவை அது ஆடு, ஒரு தடவை காற்று.

ராடை மூன்றாகக் கழற்றி உறையில் போட்டு ரீலோடு அவனிடமே கொடுத்து, பணத்தை அவன் சட்டைப்பையில் திணித்தார். வேண்டாம் என்று சொல்ல அவனுக்குத் துணிவில்லை. கிளம்பினவனை நிற்கச் சொன்னார்.

"அப்பக் கூப்ட்டியே." வண்டி சீட்டைத் துண்டால் தட்டினார். "இன்னொரு வாட்டி கூப்புடு. யாரும் இல்ல."

அன்பரசு கரையின் இரண்டு பக்கமும் பார்த்தான். அவரும் பார்த்தார். எவ்வளவு கேவலமான நிலைமை! மாமனாரை மாமா என்று கூப்பிட இரண்டு ஆண்பிள்ளைகள் திருடர்கள் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"மாமா" என்றான், பக்கத்தில் இருக்கிறவருக்கு மட்டும் கேட்கும்படி.

"ம்" என்றார் அவர். வண்டியை உதைத்துக் கிளப்பிவிட்டு, முகத்தைக் காட்டாமல் சொன்னார். "அவ அம்மா வளவி எல்லாம் வாங்கி ஒளிச்சி வச்சிருக்கா. வளைகாப்பு அது இதுன்னு இந்தப் பக்கம் கூட்டிக்கினு வந்துடாத. நாங்க வரவும் முடியாது. கொழந்த பொறந்தாலும் வராதீங்க. காத்தவராயன் உயிரோட இருக்கறவரைக்கும் வராதீங்க. என்னால ஒவ்வொரு வாட்டியும் அவன முந்திக்க முடியாது." வண்டி போய்விட்டது.

அன்பரசு முதுநகர் வந்து சேரும்போது விளக்கு வைத்து வெகுநேரம் ஆகியிருந்தது. வழியெல்லாம் கூட்டமான பஸ்ஸில் ராடு உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றே வந்தான். எந்த முகத்தையும் பார்க்கவில்லை. அவனுக்கு இப்போது வேறு பயம் பிடித்திருந்தது.

ஸ்ரீமதி வாசலிலேயே நின்றிருந்தாள். உறையைப் பார்த்ததும் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய், சுவர் ஓரம் உட்கார்ந்து ராடைப் பூட்டினாள். அன்பரசு அடிபட்ட கன்னம் இருட்டுப் பக்கம் இருக்கும்படி பார்த்து உட்கார்ந்தான். அவள் ராடை இடது கையில் பிடித்தாள். வலது கை தானாகப் போய் ரீலைச் சுற்றியது. கிர்ர்ர் என்றது. சுற்றுவதை நிறுத்தி, ரீலைத் திருப்பிப் பார்த்தாள்.

"கைப்புடி என் பக்கம் இருக்குது" என்றாள்.

"ம்."

"நீ மாத்துனியா, அப்பா மாத்தச் சொன்னாரா?"

"அவருதான் சொன்னாரு."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளாமலே கேட்டாள். "மாமான்னு கூப்ட்டியா?"

"கூப்ட்டேன்."

"அதுக்கு அப்பா என்னா சொன்னாரு?"

அன்பரசு யோசித்தான். பொய் சொல்லத் தேவையில்லாத ஒரு பதில் அவனிடம் இருந்தது. "இன்னொரு வாட்டி கூப்புடச் சொன்னாரு."

ஸ்ரீமதி வாய்விட்டுச் சிரித்தாள். எவ்வளவு மாதம் ஆயிற்று அவள் அப்படிச் சிரித்து! வயிற்றின்மேல் ராடைக் கிடத்திக்கொண்டு, "நான் சொன்னேன் பாத்தியா? நான் சொன்னேன் பாத்தியா?" என்றாள். "அப்போ வளைகாப்புக்கு எப்ப வர்றாங்களாம்? தேதி எதுனா சொன்னாரா?"

அன்பரசு முகத்தை இன்னும் கொஞ்சம் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, சோறு இருக்கிறதா என்று கேட்டான்.